நாலு மணிக்குத் தீரும் பேட்டரியும் என் வெக்டர் பாஸும்

சாப்பாட்டு மேஜை, கீழ்த்தளம்
வியாழக்கிழமை, மாலை ஆறு மணி

மாடி அறையில் இருக்கும் அன்பு மருமகளுக்கு, பதினேழு படி கீழே இருந்து உன் மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அத்தையும் சுகம். நீயும் சுகம் என்பதை, அரை மணிக்கு ஒரு தடவை நீ நாற்காலியைத் தள்ளும் சத்தத்திலிருந்து தெரிந்துகொண்டேன். கப்பலில் இஞ்சின் பார்க்கும் உன் வீட்டுக்காரனும் சுகம்தான் என்று மத்தியானம் செய்தி வந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று நீ கேட்கலாம். போன மாதம் ஒரே நாளில் பதினான்கு தடவை உன் கதவைத் தட்டினேன் என்பதற்காக, "மாமா, வேலை விஷயம்னா இனிமே எழுத்துல குடுங்க, வாயால வேணாம்" என்று சொன்னது நீதான். நான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். தவிர, செவ்வாய்க்கிழமையிலிருந்து நீ என்னிடம் "ம்", "சரி", "தெரியல" என்ற மூன்று வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வழக்கை நடத்த முடியாது. ஆகவே உன் அத்தைக்குப் பூட்டுக் கடைக்காரர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். நாளைக் காலை பத்து மணிக்கு உன் ஆபீஸ் கூட்டம். காது மெஷினுக்கான கம்பைலரில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று அதில் முடிவாகும். கழிக்கும் பட்டியலில் முதல் வரியிலேயே, நான் எழுதிக் கொடுத்த புரோகிராம் துண்டு, என் பாஸ் இருக்கிறது. நீ பிரிண்ட் எடுத்துச் சமையலறை மேடையில் மறந்து வைத்த தாளில் பார்த்தேன். மறந்துதான் வைத்தாய் என்று நம்புகிறேன். அதைக் கழிக்காதே அம்மா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். இனி வருவதெல்லாம் அதற்கான காரணம்.

உன் அத்தையின் காது மெஷின் நாலு மணிக்குத் தீர்ந்துபோகும் கதை உனக்குத் தெரியும். ஆறு வருஷமாக இதே கதை. மூன்று மெஷின் மாறிவிட்டது, நாலு மணி மட்டும் மாறவில்லை. காலையில் சார்ஜரிலிருந்து எடுத்து மாட்டுவாள், பகலெல்லாம் நன்றாகக் கேட்பாள், காய்கறிக்காரியோடு பேசுவாள், உன்னோடு பேசுவாள், போனில் தங்கையோடு ஒரு மணி நேரம் பேசுவாள். நான் நடந்துவிட்டுச் சரியாக நாலு மணிக்கு வந்து செருப்பைக் கழற்றி, இன்றைக்கு என்ன நடந்தது தெரியுமா என்று ஆரம்பித்தால், காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரிப்பாள். பேட்டரி போச்சு. அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. நாலு மணியிலிருந்து படுக்கும் வரை டிவியில் கீழே ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருப்போம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழிக்கு இந்த வீட்டில் தடை இருக்கிறது, அதனால் அதைச் சொல்லவில்லை. ஆனால் மருமகளே, வெளிப்படையாக எழுதுகிறேன், நாற்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவளோடு சாயங்காலம் பேச முடியாமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. ஆபீஸ் மேஜையில் இதே மெஷின் ராத்திரி வரை ஓடுகிறது என்று நீ எத்தனையோ தடவை சொன்னாய். மேஜையோடு யார் பேசுகிறார்கள், அதனால் ஓடும் என்று நானும் அத்தனை தடவை பதில் சொன்னேன்.

அப்போதுதான் நீ ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாய். மெஷினுக்குள் இருக்கும் சிப், வருகிற ஒலியை எண்களாக்கி ஒன்றொன்றாகக் கூட்டிக் கழிக்கிறது. எட்டெட்டாகச் சேர்த்து ஒரே தடவையில் கூட்டினால் வேலை சீக்கிரம் முடியும், சிப் தூங்கப் போகலாம், பேட்டரி மிச்சம். அதை யார் செய்வது என்று கேட்டேன். கம்பைலர் செய்யணும் மாமா என்றாய். மனுஷன் எழுதுவதைச் சிப்புக்குப் புரிகிற உத்தரவாக மாற்றும்போது, நூறு பேர் வரிசையாக நின்று கைமாற்றி ஆளுக்கொரு திருத்தம் செய்வது போல நூறு பாஸ் இருக்கும், அதில் இதற்கு ஒரு பாஸ் இன்னும் யாரும் எழுதவில்லை, யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம் என்றும் சொன்னாய். நீ சும்மா பேச்சுக்குச் சொன்னாய். மின்சார மீட்டர் சோதனைக் கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு, ரிடையர் ஆகி ஆறு வருஷமாகக் கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அது போதாதா? ஆழம் தெரியாமல் காலை விட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீயும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். அந்த நன்றியை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது.

முதல் விபத்து வெக்டர் டைப்பில், அதாவது எட்டு எண்ணையும் ஒன்றாகப் பிடித்து வைக்கும் பெட்டியில். வெளியே புரோகிராம் எழுதுகிறவனுக்கு அது சுலபம், பெயரைச் சொன்னால் கிடைத்துவிடும். பாஸுக்குள்ளே போய்விட்டால் பெயராவது ஒன்றாவது. உள்ளே வைக்கப்போகும் எண் எந்த வகை, எத்தனை வேண்டும் என்று சொல்லி அங்கேயே கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். நான் எண் என்றால் எண்தானே என்று சாதாரண நாலு பைட் எண்ணைக் கொடுத்து, எட்டு என்று கேட்டேன். ஒலிக்கு இரண்டு பைட் எண்தான் என்று நீ சொல்லியிருந்தாய், என் நோட்டிலும் எழுதியிருந்தது, அந்தப் பக்கத்தின் மேல் நான் டீ டம்ளரை வைத்திருந்தேன். சிப்பில் இருக்கும் இடம் பதினாறு பைட், நான் கேட்டது முப்பத்திரண்டு. கம்பைலர் என்னைத் திட்டக்கூட இல்லை, உள்ளே ஏதோ உடைந்துவிட்டது, தயவுசெய்து புகார் அனுப்பவும் என்று எழுதிக் காட்டிவிட்டுச் செத்துப்போனது. நான் நல்ல பிள்ளையாகப் புகார் அனுப்பினேன். அது உனக்கே வந்ததும், நீ மாடியிலிருந்து "மாமா" என்று கூப்பிட்ட தொனியும் இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்தது பில்ட்-இன். சிப்புக்கு என்றே கைவந்த வேலைகள் சில உண்டு, எட்டு ஜோடி எண்களை ஒரே மூச்சில் கூட்டுவது அதில் ஒன்று, அதைத்தான் பில்ட்-இன் என்பது என்று சொன்னாய். அதையும் பாஸுக்குள் நின்றுகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிப்பின் பட்டியலைத் திறந்து, நம்பரைக் கொடுத்து ஆளைப் பிடித்து, கூப்பிடும் வரியை நாமே கட்டி, சரியான இடத்தில் செருகி, வருகிற விடையை ஒரு பெயரில் வாங்கி வைக்க வேண்டும். எல்லாம் செய்தேன். விடையை வாங்க மட்டும் மறந்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பது வீடு பெருக்கும் பாஸாம். இந்த விடையை யாரும் வாங்கவில்லை, அப்படியென்றால் இந்த வேலையே தேவையில்லை என்று மொத்தத்தையும் வாரிக் கொட்டிவிட்டது. மூன்று நாள் நான் எழுதியது எங்கே போனது என்று தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது. இதை உன் அத்தையிடம் சொன்னேன், பகல் பன்னிரண்டு மணிக்கு, பேட்டரி இருக்கும்போது. "நீங்க என்கிட்ட கேக்கறதும் அப்படித்தானே. கேட்டுட்டு பதில வாங்காம அடுத்த கதைக்குப் போயிடுவீங்க" என்றாள். கம்பைலரைப் பற்றிப் பேசினால் அதில் நான் எங்கே வந்தேன் என்று எனக்குப் புரியவில்லை.

எப்படியோ ஒரு வழியாகப் பாஸ் ஓடியது. நீ படித்துப் பார்த்தாய், சோதனையெல்லாம் பச்சை காட்டியது, மூன்று வாரத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை, வீட்டார் போட்டுப் பார்க்க உன் ஆபீஸ் கொடுத்த சோதனை மெஷினில் அதை ஏற்றி உன் அத்தை காதில் மாட்டினாய். மறுநாள் நாலு மணிக்கு நான் வந்தேன். செருப்பைக் கழற்றினேன். பேசினேன். பதில் வந்தது. ஐந்து மணிக்கும் வந்தது. ஒன்பது மணிக்குப் படுக்கப் போகும்போது, "விளக்க அணைங்க" என்று சொன்னதற்கு, அணைக்கிறேன் என்று நான் சொன்னதும் கேட்டது. ஐந்து மணி நேரம் கூடுதல். அன்றைக்கு நான் அழுதேன் என்று உன் வீட்டுக்காரனுக்குச் சொல்லாதே, கப்பலில் எல்லோரிடமும் சொல்லிவிடுவான்.

இனிமேல்தான் நான் தலை குனிய வேண்டிய இடம். அதே திங்கட்கிழமை, பூங்காவில் ஒருவர் நாயைத் தொலைத்துவிட்டு வேறு நாயோடு வீட்டுக்குப் போன கதையை நான் உற்சாகமாகச் சொல்லும்போது உன் அத்தை முகத்தைச் சுளித்தாள். "காதுல தகரத்தச் சுரண்டற மாதிரி கரகரங்குது. மெதுவா பேசுங்க" என்றாள். மெதுவாகப் பேசினேன். "இப்ப கேக்குது" என்றாள். கொஞ்சம் குரலை ஏற்றினேன், சுளித்தாள். இறக்கினேன், சிரித்தாள். அளந்து பார்ப்பதே தொழிலாக இருந்தவனுக்கு இது போதும், எங்கே கோளாறு என்று அரை மணியில் தெரிந்துவிட்டது. சிப்பின் பட்டியலில் கூட்டும் பில்ட்-இன் இரண்டு பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்று, எண் உச்சத்தைத் தொட்டால் அங்கேயே நின்றுகொள்ளும். இன்னொன்று பழைய மீட்டர் மாதிரி, ஒன்பதாக ஓடி முடிந்ததும் சுழன்று மறுகோடிக்குப் போய்விடும். நான் பிடித்தது சுழல்கிற ஆளை. மெதுவான பேச்சில் எண்கள் சின்னவை, ஒரு தொந்தரவும் இல்லை. சத்தம் போட்டால் எண்கள் பெரிதாகிச் சுழன்று தகரமாகிவிடும். மீட்டர் சுழல்வதைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் மீட்டர் சுழல்வதை மறந்தால் அதை எங்கே போய்ச் சொல்வது?

அதை உன்னிடம் அன்றைக்கே வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். சொன்னால் மெஷினைக் கழற்றி எடுத்துப்போவாய், மறுபடியும் நாலு மணிக்கு வீடு ஊமையாகும் என்ற பயம். அதனால் நானே குரலை இறக்கிக்கொண்டேன். சோதனைக் கூடத்து இரைச்சலில் முப்பத்தைந்து வருஷம் கத்திக் கத்திப் பேசிய தொண்டை அம்மா இது, அதை அடக்குவது எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியாது. கதவை மெதுவாகச் சாத்தினேன். வாஷிங் மெஷினுக்கு அடியில் ரப்பர் வைத்தேன். தும்மல் வந்தால் தோட்டத்துக்கு ஓடினேன். நீ ஒரு நாள், "மாமாவுக்கு உடம்பு சரியில்லையா, சத்தமே காணோம்" என்று அத்தையிடம் கேட்டாயாம். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. புருஷனைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை என்று நினைத்து நான் உருகிப்போனேன்.

ஆனால் வெளியே விட்ட மெஷின் நாலு. அதில் ஒன்று உன் ஆபீஸ் கணக்கரின் மாமனார் காதில் ஏறியது என்றும், அவர் டிரம்ஸ் வாசிப்பவர் என்றும் எனக்கு எப்படித் தெரியும்? இந்த வாரம் திங்கட்கிழமை அவர் ஒத்திகையில் முதல் அடி அடித்தாராம், மேடையிலிருந்து இறங்கினாராம், திரும்ப ஏறவே இல்லையாம். செவ்வாய்க்கிழமை, நீங்கள் எல்லோரும் தெர்மாமீட்டர் என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் உன் டீம் லீடர், எல்லோருக்கும் எதிரில் உன்னைக் கேட்டிருக்கிறார். படித்துப் பார்த்து ஒப்புதல் போட்டவள் நீ. வீட்டுக்கு வந்து என் எதிரில் நின்று கேட்டாய், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "தப்பு பண்ணினது பரவால்ல மாமா. மூணு வாரமா தெரிஞ்சுகிட்டே சொல்லாம இருந்தீங்க பாருங்க" என்றாய். அத்தையின் மெஷினைத் துடைத்துத் தருகிறேன் என்று மாடிக்கு எடுத்துப்போனாய், பத்து நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்தாய், கதவைச் சாத்தினாய். அன்றிலிருந்து மூன்று வார்த்தை.

உன் கோபம் நியாயம். நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் பாஸ் என்ன பாவம் செய்தது? அந்தத் தாளில், "பேட்டரி மிச்சம்: இருபது நிமிஷம், வைத்திருக்கத் தகுதியில்லை" என்று எழுதியிருக்கிறாய். இருபது நிமிஷமா? இந்த வீட்டில் ஐந்து மணி நேரம் மிச்சமாகிறதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணி வரை ஓடியது, நேற்றும் ஓடியது, இப்போது மணி ஆறு தாண்டிவிட்டது, இதோ என் பக்கத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டே பூட்டுக் கடைக்காரர் என்ன ஆனார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். உங்கள் ஆபீஸ் மேஜை மேல் வைத்து அளந்த கணக்கை நம்புவாயா, உன் அத்தையை நம்புவாயா? அந்தக் கரகரப்பையும் தீர்த்துவிட்டேன். இன்று காலை, உச்சத்தில் நின்றுகொள்ளும் சரியான பில்ட்-இன்னைப் பிடித்து மாற்றி எழுதிவிட்டேன். நோட்டில் டம்ளர் வைக்கவில்லை. விடையை வாங்கியிருக்கிறேன். சோதனைக்கு மெதுவான பேச்சோடு நான் கத்திப் பதிவு செய்த இரண்டு நிமிஷத்தையும் சேர்த்திருக்கிறேன், அதற்காகத் தோட்டத்துக் கடைசிக்குப் போனேன், பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து என்ன ஆபத்து என்று கேட்டார். இதை மட்டும் உன் அத்தையின் மெஷினில் ஏற்றிக் கொடுத்துவிடு. பாவம், இன்றைக்கும் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் முகம் சுளிக்கிறாள்.

ஆகவே மருமகளே, நாளைக் கூட்டத்தில் பாஸை வைத்துக்கொள். என்னைத் தள்ளிவை, வேண்டுமானால் ஒரு மாதம் கம்பைலர் பக்கமே வராதே என்று சொல், கீல்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு கிடக்கிறேன். அந்த ஐந்து மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. எனக்கு வேறு ஆசை இல்லை.

நீ எழுதுவதெல்லாம் முதல் தடவையே ஓடட்டும். தெர்மாமீட்டர் குளிர்ந்திருக்கட்டும். கப்பல் சொன்ன தேதிக்குக் கரை சேரட்டும். சாப்பாடு மேடையில் மூடி வைத்திருக்கிறது, ஆறுவதற்குள் இறங்கி வா.

இப்படிக்கு,
உன் நன்மையை விரும்பும், தற்சமயம் உன் மன்னிப்பையும் விரும்பும்,
மாமனார்

பின்குறிப்பு: உன் கதவுக்கு அடியில் தள்ளும் முன்னால், எழுத்துப் பிழை இருக்குமோ என்று உன் அத்தைக்கு இதை முழுக்க வாசித்துக் காட்டினேன். மெதுவாகத்தான். பேட்டரி நாலு மணிக்குத் தீரும் இடம் வந்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பேட்டரி எங்க தீந்துது?" என்றாள்.

"நாலு மணிக்குத்தான்."

"அது ஒண்ணும் தீரல. நான்தான் கழட்டி டப்பாவுல போடுவேன். நாலு மணிக்கு நீங்க வந்துடுவீங்க. வந்ததும் ஊர்க்கதையெல்லாம் கத்துவீங்க. காது தாங்காது."

"ஆறு வருஷமாவா?" என்று கேட்டேன்.

"மெஷின் வந்து ஆறு வருஷம்தானே ஆச்சு. அதுக்கு முன்னாடி கழட்டறதுக்கு என்ன இருந்துச்சு?"

"அப்ப இந்த மூணு வாரமா ஒன்பது மணி வரைக்கும் ஓடுதே?"

"மொத நாள் புது மெஷின் எப்படின்னு பாக்கத்தான் கழட்டாம இருந்தேன். அப்பறம் மெதுவா பேசறீங்க. நல்லாருக்கு. எதுக்குக் கழட்டணும்?"

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கரகரப்பு செவ்வாய்க்கிழமையே போய்விட்டதாம். துடைத்துத் தருகிறேன் என்று எடுத்துப்போன நீ, என் பாஸ் இல்லாத பழையதையே ஏற்றிக் கொடுத்துவிட்டாயாம். அப்படியானால் செவ்வாயும் நேற்றும் இன்றும் ஒன்பது மணி வரை ஓடியது என் வெக்டரால் இல்லை. "பின்ன இன்னைக்கு வரைக்கும் எதுக்கு முகத்தச் சுளிச்சே?" என்று கேட்டேன். "சுளிக்கலன்னா பழையபடி கத்த ஆரம்பிச்சுடுவீங்களேன்னுதான்" என்றாள். நான் மூன்று வாரம் மறைத்ததற்கு உனக்கு அவ்வளவு கோபம் வந்ததே, ஆறு வருஷம் மறைத்தவளுக்கு நீ என்ன தண்டனை கொடுக்கப்போகிறாய் என்று பார்க்கிறேன்.

ஆகவே மேலே நான் எழுதிய எதையும் நாளைக்குக் கூட்டத்தில் சொல்லிவிடாதே. பாஸைத் தூக்கிவிடு, பட்டியலில் முதல் வரியிலேயே இருக்கட்டும். இருபது நிமிஷம் என்று நீ அளந்ததுதான் சரி. முப்பத்தைந்து வருஷம் மீட்டர் பார்த்தவன் எதை அளக்கிறோம் என்று தெரியாமல் அளந்துகொண்டிருந்தேன். புதிதாக எழுதிய பில்ட்-இன்னும் வேண்டாம். நீ ஏற்றிய பழையதே இருக்கட்டும், மிச்சத்தை என் தொண்டை பார்த்துக்கொள்ளும்.

மணி ஏழரை. மெஷின் அவள் காதில்தான் இருக்கிறது. பேனாவை வைத்துவிட்டு வரச் சொல்கிறாள். பூட்டுக் கடைக்காரர் கடைச் சாவியைத் தொலைத்தாரே, அப்புறம் எப்படித்தான் உள்ளே போனார் என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருக்கிறாள். போய்ச் சொல்கிறேன், மெதுவாக.